வரவுக் கணிப்பு பிசகினால் பட்ஜெட் எங்கே உடைகிறது?

ஒரு நாட்டின் பட்ஜெட்டில் செலவுப் பக்கம் பெரும்பாலும் அரசின் கையில் இருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், கடனுக்கான வட்டி, மானியம், ஒப்பந்தம் போட்டுவிட்ட சாலைப் பணி என்று அதில் பெரும்பகுதி முன்பே ஒப்புக்கொண்ட தொகைகள். வரவுப் பக்கம் அப்படி இல்லை. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் நிறுவனங்கள் எவ்வளவு லாபம் பார்க்கும், மக்கள் எவ்வளவு வாங்குவார்கள், துறைமுகத்தில் எவ்வளவு சரக்கு இறங்கும் என்று கணித்துத்தான் அந்த எண்களை எழுத வேண்டியிருக்கிறது. கணித்த வரவை நம்பித்தான் உறுதியான செலவுகள் ஒப்புக்கொள்ளப்படுகின்றன.

இதில் ஏற்படும் சிறு பிசகு பற்றாக்குறையில் பெரிதாகத் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போன ஆண்டு வரி வருவாய் 1,000 கோடி. இந்த ஆண்டு பொருளாதாரம் 10 சதவீதம் வளரும், அது ஒரு சதவீதம் வளர்ந்தால் வரி 1.1 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டால் வருவாய் 1,110 கோடி. செலவு 1,310 கோடி என்று முடிவானால் பற்றாக்குறை 200 கோடி. ஆனால் வளர்ச்சி 8 சதவீதத்திலும் அந்த விகிதம் 0.9 இலும் நின்றுவிட்டால் வருவாய் 1,072 கோடிதான். வரவில் பிசகியது 3.4 சதவீதம். செலவு அப்படியே இருந்தால் பற்றாக்குறை 238 கோடியாகிவிடும், அதாவது 19 சதவீதம் கூடுதல். போதாததற்கு, பற்றாக்குறையை ஜிடிபியின், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பின், சதவீதமாகத்தான் சொல்கிறார்கள். வளர்ச்சி குறைந்த ஆண்டில் வகுக்கும் எண்ணும் சிறுத்துப்போவதால் அந்த விகிதம் இன்னும் மோசமாகத் தெரியும்.

அந்த எண் எப்படி எழுதப்படுகிறது

பெரும்பாலான நிதி அமைச்சகங்களில் முதல் படி, வரும் ஆண்டின் ஜிடிபி வளர்ச்சியை நடப்பு விலையில், அதாவது விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்து, கணிப்பது. விலை ஏற்றத்தைக் கழித்து நிலையான விலையில் சொல்லும் வளர்ச்சி செய்திகளில்தான் பெரிதாக வரும். வரி வசூலுக்கு அது பயன்படாது. வரி விதிப்பது இன்றைய விலையில் நடக்கும் விற்பனை மீதும் இன்றைய சம்பளம் மீதும். எனவே உற்பத்தி எதிர்பார்த்தபடி கூடினாலும், விலைவாசி ஏற்றம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் வசூல் குறையும். பணவீக்கம் குறைந்தது மக்களுக்கு நல்ல செய்தி, கருவூலத்துக்கு இழப்பு. இந்த முரணை மறந்த கணிப்புகள் பல உண்டு.

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ஒரு அடிப்படை பிடிக்க வேண்டும். நிறுவன வரிக்கு நிறுவனங்களின் லாபம், வருமான வரிக்கு சம்பளமும் வேலைவாய்ப்பும், மறைமுக வரிக்கு நுகர்வு, சுங்க வரிக்கு இறக்குமதி மதிப்பும் நாணய மாற்று விகிதமும். லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று விதிக்கும் எரிபொருள் கலால் வரி, விலை ஏறினால் கூடாது. விற்பனை அளவு கூடினால்தான் கூடும். மதிப்பின் மீது சதவீதமாக விதிக்கும் வரியோ விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். இரண்டையும் ஒரே வளர்ச்சி விகிதத்தால் பெருக்கினால் கணக்கு தொடக்கத்திலேயே தவறிவிடும்.

இதில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுவது, வரி வளர்ச்சியை ஜிடிபி வளர்ச்சியால் வகுத்து எடுக்கும் விகிதம். நிதித் துறையில் இதை டாக்ஸ் பாயன்சி என்பார்கள். இது 1.3 என்று வந்தால் வரி நிர்வாகம் நன்றாக நடக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டு வரி விகிதத்தை உயர்த்தியிருந்தால் அந்த உயர்வும் இந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கும். கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை இந்திய அரசு பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியை ஒன்பது முறை உயர்த்தியது. அந்த ஆண்டுகளின் விகிதத்தை எடுத்து அடுத்த ஆண்டுக்குப் பொருத்தினால், மறுபடியும் ஒன்பது முறை வரி உயரும் என்று சொல்லாமல் சொல்வதாகிவிடும். வரி உயர்வால் வந்ததைக் கழித்துவிட்டு, பழைய விகிதத்திலேயே எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று பார்ப்பதுதான் முறை. வேலை கொஞ்சம் கூடும். அதனாலேயே பலர் அதைச் செய்வதில்லை.

நுட்பம் மிகுந்த முறைகளும் உண்டு. வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்களின் பதிவுகளில் மாதிரி எடுத்து, புதிய விகிதத்தை ஒவ்வொருவருக்கும் பொருத்திப் பார்க்கும் கணினி மாதிரிகள் வருமான வரி மாற்றங்களுக்கு நன்றாகப் பயன்படும். ஆனாலும் பெரிய பிழைகளில் பல, சூத்திரத்தில் பிறப்பதில்லை. எந்த எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்கினோம் என்பதிலேயே பிறந்துவிடுகின்றன.

தொடங்கும் எண்: 2019-20 கணக்கு

பட்ஜெட் தயாராகும் நேரத்தில் நடப்பு ஆண்டு முடிந்திருக்காது. இந்தியாவில் பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் வைக்கும்போது இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கும். நிறுவனங்கள் கட்டும் முன்கூட்டிய வரியில் ஜூன் 15 க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15 க்குள் 45, டிசம்பர் 15 க்குள் 75 என்று சேர்ந்து, கடைசிக் கால் பங்கு மார்ச் 15 அன்றுதான் வர வேண்டும். ஆகவே நடப்பு ஆண்டுக்கான திருத்திய மதிப்பீடும் ஒரு கணிப்புதான். அடுத்த ஆண்டின் கணிப்பு அதன் மேல் கட்டப்படுகிறது. கீழே உள்ள எண் பிசகினால், மேலே வளர்ச்சி விகிதத்தை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் பயனில்லை.

2018-19 க்கான மொத்த வரி வருவாயைத் திருத்திய மதிப்பீடு 22.48 லட்சம் கோடி ரூபாய் என்றது. ஆண்டு முடிந்து 2019 மே இறுதியில் தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் வெளியிட்ட தற்காலிகக் கணக்கில் வந்தது 20.80 லட்சம் கோடிதான். ஏறக்குறைய 1.68 லட்சம் கோடி குறைவு. 2019 பொதுத் தேர்தல் காரணமாக முழு பட்ஜெட் ஜூலை 5 அன்றுதான் வைக்கப்பட்டது. அதாவது உண்மைக் கணக்கு ஒரு மாதத்துக்கு முன்பே கையில் இருந்தது; முந்தைய நாள் வெளியான பொருளாதார ஆய்வறிக்கை அதைத்தான் பயன்படுத்தியது. பட்ஜெட் ஆவணமோ பழைய திருத்திய மதிப்பீட்டையே வைத்துக்கொண்டது.

2019-20 க்கான இலக்கு 24.61 லட்சம் கோடி. தேர்தலுக்கு முன் வைத்த இடைக்கால பட்ஜெட்டில் சொன்ன 25.52 லட்சம் கோடியிலிருந்து இதைக் குறைத்திருந்தார்கள் என்பது உண்மை. திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் 9.5 சதவீத வளர்ச்சி. கேட்க நியாயமாக இருக்கும். உண்மையில் வசூலான தொகையோடு ஒப்பிட்டால் 18.3 சதவீத வளர்ச்சி தேவை. நடப்பு விலையில் ஜிடிபி 12 சதவீதம் வளரும் என்று பட்ஜெட்டே எடுத்துக்கொண்ட ஆண்டில், வரி அதைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் வளர வேண்டியிருந்தது. அந்த 12 சதவீத வளர்ச்சியும் வரவில்லை. பின்னாளைய கணக்குப்படி வளர்ச்சி 7 சதவீதத்துக்கும் கீழே நின்றது.

ஆண்டு முடிவில் வசூலானது 20.10 லட்சம் கோடி. இலக்கைவிட 4.51 லட்சம் கோடி குறைவு. இந்தத் துண்டை எப்படிப் பிரிப்பது? பட்ஜெட் எதிர்பார்த்த 9.5 சதவீத வளர்ச்சியை உண்மை வசூலான 20.80 லட்சம் கோடிக்குப் பொருத்தினால் 22.77 லட்சம் கோடி வரும். ஆக, தொடங்கும் எண் தவறியதால் மட்டும் 1.84 லட்சம் கோடி. செப்டம்பர் 20 அன்று நிறுவன வரி விகிதம் 30 சதவீதத்திலிருந்து 22 ஆகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 ஆகவும் குறைக்கப்பட்டது. அதனால் ஏற்படும் இழப்பு என்று அரசே சொன்ன தொகை 1.45 லட்சம் கோடி. மீதி 1.22 லட்சம் கோடி பொருளாதார மந்தத்துக்கும் மற்றவற்றுக்கும். எல்லோரும் மந்தத்தைத்தான் காரணம் சொன்னார்கள். ஆனால் துண்டில் ஐந்தில் இரண்டு பங்கு, பட்ஜெட் வாசிக்கப்பட்ட நாளிலேயே தெரிந்திருக்க வேண்டியது.

துண்டு யார் தலையில் விழுகிறது

வருவாய் குறையும்போது வட்டியை நிறுத்த முடியாது, சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது. வெட்டு விழுவது, எதிர்த்துக் குரல் கொடுக்க ஆள் இல்லாத செலவுகளில்தான். இன்னும் தொடங்காத பணி, பராமரிப்பு, ஒப்பந்தக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி. பாதி கட்டிய பாலம் ஓராண்டு நின்றால் அதன் மொத்தச் செலவு கூடும். பாக்கி தாமதமாகும் என்று தெரிந்த ஒப்பந்தக்காரர், அடுத்த டெண்டரில் அதற்கும் சேர்த்து விலை போடுவார்.

இன்னொரு வழி, செலவைப் பட்ஜெட்டுக்கு வெளியே தள்ளுவது. மேலே சொன்ன 2019-20 இல் உணவு மானியத்துக்கு 1.84 லட்சம் கோடி ஒதுக்கியிருந்தார்கள். திருத்திய மதிப்பீட்டில் அது 1.08 லட்சம் கோடியாகிவிட்டது. நெல்லும் கோதுமையும் கொள்முதலாவது நிற்கவில்லை. இந்திய உணவுக் கழகம் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கி இடைவெளியை நிரப்பியது. அந்தக் கடன் அரசின் பற்றாக்குறைக் கணக்கில் தெரியாது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் இந்த வழக்கத்தை நிறுத்துவதாக நிதியமைச்சர் அறிவித்தார். அப்படித் தள்ளிய பிறகும் 2019-20 நிதிப் பற்றாக்குறை இலக்கான 3.3 சதவீதத்தைத் தாண்டி 4.6 சதவீதத்தில் முடிந்தது.

கூட்டாட்சி நாடுகளில் அடி இரட்டிப்பாகும். மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கு, மதிப்பீட்டின் அடிப்படையில் தவணைகளாகப் போகிறது. அந்த ஆண்டு மாநிலங்களுக்கு 8.09 லட்சம் கோடி வரும் என்று பட்ஜெட் சொன்னது. திருத்திய மதிப்பீட்டில் அது 6.56 லட்சம் கோடி. முந்தைய ஆண்டு கூடுதலாகக் கொடுத்ததையும் அதில் கழித்துக்கொண்டார்கள். மாநிலங்கள் மத்திய அரசு சொன்ன பங்கை நம்பித் தங்கள் பட்ஜெட்டை ஏற்கெனவே நிறைவேற்றிச் செலவும் செய்து கொண்டிருந்தன. ஒரு கணிப்பு பிசகியதால் இத்தனை கணிப்புகள் பிசகின.

வரித் துறைக்கும் இதன் அழுத்தம் போகும். எட்ட முடியாத இலக்கைக் கொடுத்தால் அதிகாரிகள் எங்கிருந்தாவது எண்ணைக் காட்ட வேண்டும். மார்ச் மாதம் ரீஃபண்டுகளை நிறுத்திவைத்து ஏப்ரலில் கொடுப்பது, நிறுவனங்களிடம் முன்கூட்டியே கட்டச் சொல்வது, நிலைக்காத வரிக் கோரிக்கைகளை எழுப்புவது எல்லாம் இதிலிருந்து வருபவை. ரீஃபண்ட் தாமதித்தால் அந்த ஆண்டின் வசூல் பெரிதாகத் தெரியும், அடுத்த ஆண்டின் தொடக்கம் பள்ளத்தில் இருக்கும். அந்தப் பொய்யான எண்ணே மறுபடி தொடங்கும் எண்ணாக உட்கார்ந்துகொள்கிறது.

திரும்பத் திரும்ப ஏமாற்றும் வருவாய்கள்

சில வருவாய்கள் இயல்பிலேயே நம்ப முடியாதவை. பங்குச் சந்தை உச்சத்தில் இருக்கும்போது குவியும் மூலதன ஆதாய வரி அதில் முதன்மையானது. 2001 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம், 2002 முதல் 2011 வரை பத்தாண்டுகளில் 5.6 டிரில்லியன் டாலர் உபரி சேரும் என்று கணித்தது. அதை வைத்து அந்த ஆண்டே பெரிய வரிக் குறைப்பு நிறைவேறியது. சந்தை சரிந்தது, மந்தம் வந்தது, போர்ச் செலவும் சேர்ந்தது. 2000 இல் 236 பில்லியன் டாலர் உபரியில் இருந்த அரசு 2002 இல் 158 பில்லியன் டாலர் பற்றாக்குறையில் இருந்தது. கணித்தவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். அந்த அலுவலகம் நேர்மைக்குப் பெயர் பெற்றது. நல்ல காலத்தின் வசூலில் எவ்வளவு நிலைக்கும் என்று பிரித்தறிவது அவ்வளவு கடினம்.

அரசு நிறுவனங்களின் பங்கு விற்பனை வேறு வகை. இங்கே எண் ஏறக்குறைய ஒரு விருப்பம்தான். 2020-21 க்கு 2.10 லட்சம் கோடி என்று இந்திய பட்ஜெட் எழுதியது. ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. 2021-22 க்கு 1.75 லட்சம் கோடி. வந்தது 15,000 கோடிக்கும் கீழே. தேவையான செலவை முதலில் முடிவு செய்துவிட்டு, பற்றாக்குறை இலக்குக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக மீதியை ஏதாவது ஒரு தலைப்பில் போட்டு நிரப்பும்போது, இந்தத் தலைப்புதான் எப்போதும் வசதியாகக் கிடைக்கிறது.

வரியைக் குறைத்தால் வளர்ச்சி கூடி வசூல் தானே ஈடாகும் என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. இலங்கை 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது. பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பை 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடியாக உயர்த்தியது. விற்றுமுதல் மீது விதித்த ‘தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி’யை ஒழித்தது. ஜிடிபியில் 11.6 சதவீதமாக இருந்த வரி வருவாய் அடுத்த ஆண்டே 8.1 சதவீதம். பெருந்தொற்று அதில் ஒரு பங்குக்குப் பொறுப்பு. ஆனால் வரம்பை உயர்த்தியதால் வரி வலையிலிருந்து வெளியேறிய வணிகங்கள் பெருந்தொற்று முடிந்ததும் திரும்பி வருபவை அல்ல. சர்வதேசச் சந்தையில் கடன் கிடைக்காமல்போய், 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, ரசாயன உரத் தடை, சுற்றுலா முடக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. வருவாய் இல்லாததுதான் அவற்றைத் தாங்கும் வலுவை எடுத்துவிட்டது. அதே மதிப்புக் கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 சதவீதத்துக்கு ஏறியது. குறைப்பின் பலன் பெரிய வணிகங்களுக்குப் போனது, ஏற்றத்தின் சுமை எல்லோர் மீதும் விழுந்தது. இது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

குறைத்துக் கணிப்பதும் குற்றமற்றதல்ல. 2021-22 க்கு 22.17 லட்சம் கோடி என்று கணித்த இந்தியாவுக்கு 27.09 லட்சம் கோடி வந்தது. கையில் வந்த பணம் நல்லதுதான். ஆனால் ஆண்டின் நடுவே வரும் எதிர்பாராத பணம், பட்ஜெட் விவாதத்தைத் தாண்டி கூடுதல் செலவுக்கு நாடாளுமன்றத்தின் அனுமதி கேட்கும் துணை மானியக் கோரிக்கைகளின் வழியே செலவாகிறது. கனடாவிலும் இதைப் பார்த்தார்கள். அங்கே 1990 களின் நடுவில் நிதியமைச்சர் பால் மார்ட்டின், தனியார் பொருளாதார வல்லுநர்களின் சராசரிக் கணிப்பை வேண்டுமென்றே சற்றுக் குறைத்து எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் அவசர ஒதுக்கும் வைத்தார். பற்றாக்குறை ஒழிந்தது. பிறகு ஆண்டுதோறும் எதிர்பாராத உபரி வரத் தொடங்கியதும், மறைத்து வைக்கிறார்களா என்ற கேள்வி எழுந்தது. 2006 சட்டத்தின் வழியே நாடாளுமன்றத்துக்கென்று தனி பட்ஜெட் அதிகாரி பதவி உருவானது.

கணிப்பவர் யார் என்பது

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃபிராங்கல் 33 நாடுகளின் அதிகாரபூர்வக் கணிப்புகளை ஆராய்ந்தார். சராசரியாக அவை நம்பிக்கையின் பக்கமே சாய்ந்திருந்தன. பொருளாதாரம் சூடாக இருக்கும் ஆண்டுகளிலும், கணிப்பு தொலைதூர ஆண்டுகளுக்குப் போகும்போதும் சாய்வு கூடியது. தவறு இரு பக்கமும் சமமாக விழுந்தால் அது அறியாமை. ஒரே பக்கம் விழுந்தால் கணிப்பவருக்கு ஏதோ ஆதாயம் இருக்கிறது. அந்தச் சாய்வு தெரியாத நாடாக அவர் காட்டியது சிலி.

சிலியின் அரசு வருவாயில் தாமிரம் பெரும் பங்கு வகிக்கிறது. தாமிர விலை ஏறும்போதெல்லாம் செலவை ஏற்றினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததால், 2001 இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். செலவுக்கான வருவாயை இன்றைய விலையில் கணக்கிடாமல், தாமிரத்தின் நீண்டகால விலையிலும் பொருளாதாரத்தின் இயல்பான உற்பத்தி அளவிலும் கணக்கிட வேண்டும். அந்த இரண்டு எண்களையும் சொல்வது அரசுக்கு வெளியே உள்ள வல்லுநர் குழுக்கள். 2000 களின் நடுவில் விலை எகிறியபோது சேமித்தார்கள். 2009 நெருக்கடியில் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவிட்டார்கள்.

ஜெர்மனியில் 1955 முதல் வரி மதிப்பீட்டுக்கென்று ஒரு செயற்குழு இருக்கிறது. மத்திய, மாநில நிதி அமைச்சகங்கள், மத்திய வங்கி, புள்ளியியல் அலுவலகம், ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் ஆண்டுக்கு இருமுறை உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் ஒத்த எண்ணுக்கு வருகின்றன. மாநிலங்களுக்குப் பங்கு தரும் எந்த நாட்டுக்கும் இது நல்ல முன்மாதிரி. பிரிட்டன் 2010 இல் கணிப்பைத் தனி அலுவலகத்திடம் கொடுத்தது. 2022 செப்டம்பர் 23 அன்று அந்த அலுவலகத்தின் கணிப்பு இல்லாமலே பெரும் வரிக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. பவுண்டு சரிந்து, அரசுப் பத்திரங்களின் வட்டி எகிறி, ஐந்தே நாளில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து தலையிட வேண்டியதாயிற்று.

தனி அலுவலகம் அமைத்தால் பிழை போய்விடாது. பிரிட்டன் அலுவலகமும் தவறியிருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், தன் பழைய கணிப்புகள் எங்கே, ஏன் பிசகின என்று அது அறிக்கை வெளியிடுகிறது. எல்லா நிதி அமைச்சகங்களும் செய்யக்கூடிய, செலவே இல்லாத சீர்திருத்தம் இது. போன ஆண்டின் துண்டில் எவ்வளவு பொருளாதாரக் கணிப்பு தவறியதால், எவ்வளவு நடுவில் எடுத்த கொள்கை முடிவால், எவ்வளவு கணக்கிடும் முறையால் என்று மூன்றாகப் பிரித்து ஒரு பக்க அட்டவணை போட்டால் போதும்.

அப்படி அட்டவணை தராத அரசின் பட்ஜெட்டை நாமே சோதிக்கலாம். இந்தியாவில் மாதக் கணக்கு பொதுவெளியில் கிடைக்கிறது. பிப்ரவரி 1 அன்று டிசம்பர் வரையிலான ஒன்பது மாத வசூல் தெரிந்திருக்கும். திருத்திய மதிப்பீட்டிலிருந்து அதைக் கழித்தால், கடைசி மூன்று மாதத்தில் வர வேண்டிய தொகை கிடைக்கும். போன ஆண்டு அதே மூன்று மாதத்தில் வந்ததோடு அதை ஒப்பிட வேண்டும். முதல் ஒன்பது மாதம் 5 சதவீதம் வளர்ந்த வசூல், கடைசி மூன்று மாதத்தில் 25 சதவீதம் வளர வேண்டும் என்று கணக்கு கேட்டால், அடுத்த ஆண்டுக்கான எண்ணையும் அந்த அளவுக்குக் குறைத்துத்தான் படிக்க வேண்டும்.